பேனாவைத் தொடாத அண்ணன்

மதுரையில் எழுத உதவி கிடைக்கவில்லை என்று யாரும் குறைபட முடியாது. அதற்குக் கடையே இருக்கிறது. காளவாசலில் பேருந்து ஏறித் தேனி சாலையில் விராட்டிப்பத்து, அச்சம்பத்து, நாகமலைப் புதுக்கோட்டை என்று மேற்கே போனால் காமராசர் பல்கலைக்கழகம் வரும். அந்த வழியில் மட்டுமல்ல, இந்த ஊரில் கல்லூரி இருக்கிற எந்தத் தெருவிலும் ஜெராக்ஸ் கடை இருக்கும். அதன் உள்ளறையில் ஒரு கணினியும் அதன் முன்னால் ஒரு டிடிபி அக்காவும் இருப்பார்கள். இடப்பக்கம் எவ்வளவு விடவேண்டும், இயல் தலைப்பு எங்கே வரவேண்டும், அடிக்குறிப்பு எந்தத் துறைக்கு எப்படி என்பதெல்லாம் அந்த அக்காவுக்கு அத்துப்படி. பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றித் தருவார். எந்த நெறியாளருக்கு எந்த நிற அட்டை பிடிக்கும் என்பதுகூடத் தெரியும். “தம்பி, மூணாவது இயல்ல இருக்கறதே அஞ்சாவதுலயும் வருதே, பரவால்லயா?” என்று கேட்கிறவரும் அவர்தான்.

“பரவால்லக்கா, பக்கம் வேணும்.”

ஆய்வேட்டின் நன்றியுரையில் இறைவன், பெற்றோர், நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், நண்பர்கள் எல்லோரும் முடிந்தபிறகு, கடைசி வரியில் அந்த அக்காவின் கடைக்கும் நன்றி இருக்கும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அந்த ஆய்வேட்டை வாசித்த ஒரே மனிதர் அவராகவே இருக்கக்கூடும் என்ற செய்தி மட்டும் அதில் இருக்காது.

கடைக்கு அடுத்த கட்டமும் உண்டு. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வுத் திருட்டைத் தடுக்க விதிமுறை கொண்டுவந்தது. பிறர் எழுதியதோடு ஒத்துப்போவது பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியையும் தர முடியாது. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. விதி வந்ததும் விழுக்காட்டைக் குறைத்துத் தரும் தொழிலும் வந்துவிட்டது. ‘முக்கியமான’ என்பதை ‘முதன்மையான’ என்று மாற்றி, வாக்கியத்தின் தலையை வாலாகவும் வாலைத் தலையாகவும் திருப்பிப் போட்டால் இயந்திரம் ஏமாந்துவிடும். எழுதியவன் அந்த வாக்கியத்தை நினைத்து எழுதினானா என்று இயந்திரம் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை.

எழுதித் தருவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமி கதை எல்லோருக்கும் தெரியும்; 1965-இல் வந்த திரைப்படத்தில் நாகேஷைப் பார்த்தவர்களுக்கு அது மறக்கவும் மறக்காது. பரிசுக்கு ஆசைப்பட்ட ஏழைக்குக் கடவுளே பாட்டு எழுதிக் கொடுக்கிறார். நக்கீரர் குற்றம் கண்டுபிடிக்கிறார். நெற்றிக்கண் திறக்கிறது. பொற்றாமரைக் குளத்தில் விழுந்த நக்கீரரைக் கரையேற்றுவதற்கு ஒரு படலம். பிறகு அகத்தியரை வரவழைத்து அவருக்கு இலக்கணம் கற்பிப்பதற்கு இன்னொரு படலம். அதாவது கதை முடிவில் தனிவகுப்பு கிடைத்தது தேர்வாளருக்கு. தருமிக்குக் கிடைத்தது பொற்கிழி. அதை வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த முறை பாட்டு வேண்டுமென்றால் என்ன செய்வார் என்பது யாருக்கும் கவலையாக இல்லை.

எழுதிக் கொடுக்கிறவர் ஒருவர், குற்றம் காண்கிறவர் ஒருவர். நம் கல்வியில் எழுத்தைச் சுற்றி இன்றும் இந்த இருவர்தான் நிற்கிறார்கள். 2022 நவம்பருக்குப் பிறகு முதலாமவர் செயற்கை நுண்ணறிவு வடிவில் எல்லோருடைய கைப்பேசியிலும் எழுந்தருளிவிட்டார். கேட்ட மாத்திரத்தில், பரிசில் பங்கு கேட்காமல், எதையும் எழுதித் தருகிறார். தருமியின் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ என்னய்யா சொல்ல நினைக்கிற? முதல்ல அதைச் சொல்லு” என்று கேட்கிற மூன்றாவது ஆள் மட்டும் வரவே இல்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் அந்த மூன்றாவது ஆளுக்கு ஒரு வேலைப் பெயரும் ஒரு மேசையும் உண்டு. எழுத்து மையம் என்பார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்ல, இன்னொரு மாணவர். அது உருவான கதையில் முக்கியமான அத்தியாயம் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1969-இல் கறுப்பின மாணவர்களும் போர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் நடத்திய போராட்டத்தின் பலனாக, 1970-இல் அதன் கதவு திறந்தது. நகரத்தில் பள்ளி முடித்த யார் வேண்டுமானாலும் சேரலாம். வந்தவர்களில் பலர் வீட்டின் முதல் கல்லூரி மாணவர்கள். அவர்களுடைய கட்டுரைகளைப் பார்த்த ஆசிரியர்கள் சிலர் தலையில் கை வைத்தார்கள். சிலர் கல்வித்தரத்துக்கு இரங்கற்பா பாடினார்கள். மினா ஷாக்னெசி என்ற ஆசிரியர் மட்டும் ஏறத்தாழ நாலாயிரம் நுழைவுக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு பிழைகளைப் படித்தார். மதிப்பெண் போடுவதற்காக அல்ல, புரிந்துகொள்வதற்காக. 1977-இல் வந்த அவருடைய புத்தகம் சொன்னது: இந்தப் பிழைகள் சோம்பலும் அல்ல, மந்தமும் அல்ல, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு நியாயம் ஓடுகிறது, அதைக் கண்டுபிடித்தால்தான் திருத்த முடியும்.

அதே பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் கல்லூரியில் இருந்த கென்னத் புரூஃபி இன்னொன்றைக் கவனித்தார். மாணவர்களுக்கு உதவத் தேர்ந்த ஆட்களை வைத்தால் மாணவர்கள் வருவதில்லை. அதுவும் ஒரு வகுப்பறை என்று ஒதுங்கிப் போகிறார்கள். சக மாணவனை உட்கார வைத்தால் வருகிறார்கள். 1984-இல் எழுதிய கட்டுரையில் அவர் அதற்குக் காரணமும் சொன்னார். சிந்தனை என்பதே நமக்குள் இறங்கிவிட்ட உரையாடல்தான். எழுத்து என்பது அந்த உரையாடலை மறுபடி வெளியே கொண்டுவருவது. பேசிப் பழகாதவனால் எழுத முடியாது.

நம் பக்கம் பார்ப்போம். 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்வி மாணவர் சேர்க்கை விகிதம் 47. இந்தியச் சராசரி 28.4. கதவைத் திறப்பதில் நாம் நியூயார்க்குக்கு இளைத்தவர்கள் அல்ல. முதல் தலைமுறைப் பட்டதாரி என்று சான்றிதழே தருகிறோம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறோம். இவை பெருமைப்பட வேண்டிய காரியங்கள், நான் கேலி செய்யவில்லை. உள்ளே வந்த பிள்ளை எழுத உட்காரும்போது அதன் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பள்ளியில் கட்டுரை என்றால் குறிப்புச் சட்டகம் கேள்வித்தாளிலேயே இருக்கும். முன்னுரையும் முடிவுரையும் உரைநூலில் இருக்கும். மனப்பாடம் தலையில் இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் ஒருவராவது ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டிருந்தால் அது அந்த ஆசிரியரின் தனிப்பட்ட நல்ல குணம், பாடத்திட்டம் அல்ல. பிறகு முதுகலையில் திடீரென்று சொல்கிறோம்: ஆய்வு செய், சொந்தமாக எழுது, பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போகக் கூடாது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு மேசை. தெ.பொ.மீ. பெயரில் இருக்கும் நூலகம் அது. 1966-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர், தமிழறிஞர். மேசையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு பெண். முதுகலைப் பொருளாதாரம் படிக்கும் இன்னொரு பெண் ஆய்வறிக்கையோடு வருகிறாள். தலைப்பு மதுரைச் சுங்குடிச் சேலைத் தொழில்.

“அக்கா, சும்மா கிராமர் மட்டும் பாத்துக் குடுங்க.”

“பாப்போம். மொதல்ல நீ வாசி, நான் கேக்குறேன்.”

இந்தியாவின் ஜவுளிப் பாரம்பரியம் தொன்மையானது என்று தொடங்கிச் சிந்துவெளி வழியாகப் பத்துப் பக்கம் போகிறது. அதில் சுங்குடி ஏழாவது பக்கத்தில் எட்டிப் பார்க்கிறது. அக்கா கேட்கிறாள்: “இந்தத் தலைப்பை ஏன் எடுத்த?”

“எங்க அத்தை முடிச்சுப் போடுறவங்கக்கா. இப்ப விட்டுட்டாங்க. அச்சுச் சுங்குடி வந்தப்பறம் கை முடிச்சுக்கு யாரு காசு குடுக்குறா?”

“இது எங்க இருக்கு இதுல?”

“அதெல்லாம் ஆய்வுல எழுதலாமாக்கா?”

இங்கேதான் அந்த அக்காவுக்குச் சோதனை. என்ன எழுதவேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை பரபரக்கும். பேனாவை வாங்கி, ‘குடு, நான் எழுதித் தர்றேன்’ என்று பத்து நிமிடத்தில் முதல் பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிடலாம். நம் ஊரில் அண்ணன், அக்கா என்று ஒருவரை அழைத்துவிட்டால், அழைக்கப்பட்டவர் செய்யவேண்டிய காரியமும் அதுதான். விடுதிகளில் காலங்காலமாக நடப்பது அதுதான். செய்யாவிட்டால் ‘பெரிய இவளாட்டம் கேள்வி கேட்டுட்டே இருக்கா’ என்று பெயர் வரும். மேலைநாட்டுக் கையேடுகள் மாணவப் பயிற்றுநருக்குச் சொல்லும் முதல் விதி இதற்கு நேர் எதிரானது. ஜெஃப் புரூக்ஸ் 1991-இல் எழுதிய, பரவலாகப் படிக்கப்படும் கட்டுரையில் சொன்னது: எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார், தாள் உன்னைவிட மாணவருக்கு அருகில் இருக்கட்டும், அதில் நீ எதுவும் எழுதாதே. பயிற்றுநராக ஆவதென்றால் அங்கே திறமையைக் காட்டக் கற்றுக்கொள்வதல்ல, அடக்கக் கற்றுக்கொள்வது. நன்றாக எழுதுகிற பிள்ளையைத்தான் அந்த வேலைக்கு எடுப்பார்கள். எடுத்தபின் எழுதாதே என்பார்கள்.

நம்மிடம் பயிற்றுநரின் எதிரி சோம்பல் அல்ல, பாசம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாசத்தோடு எழுதிக் கொடுக்கும் அண்ணன் கடைக்காரரைவிட ஆபத்தானவர். கடைக்காரரிடம் காசு கொடுத்தோம் என்ற உறுத்தலாவது மிஞ்சும்.

ஆனால் புரூக்ஸின் விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்வதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. 1995-இல் லிண்டா ஷமூனும் டெபோரா பர்ன்ஸும் அதை எதிர்த்து எழுதினார்கள். இசையில் தேர்ந்தவர் சிஷ்யரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தானே வாசித்தும் காட்டுவதில்லையா, எழுத்தில் மட்டும் ஏன் அது பாவம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆய்வுக் கருத்து என்ற ஒன்றை வாழ்நாளில் பார்த்தே இராத பிள்ளையிடம் ‘உன் கருத்து என்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது நீச்சல் தெரியாதவனிடம் ‘எந்தப் பக்கம் கரை என்று நினைக்கிறாய்?’ என்று கேட்பதுதான். காட்டவேண்டியதைக் காட்டிவிட்டு, பிறகு கையை எடுக்கவேண்டும். எந்த நேரத்தில் எடுப்பது என்பதில்தான் அந்த வேலையின் கஷ்டம் முழுக்க இருக்கிறது. அதற்குக் கையேடு கிடையாது.

ஒரு விஷயத்தில் நம் பயிற்றுநருக்கு அமெரிக்கப் பயிற்றுநரைவிட வசதி அதிகம். அந்தப் பெண் அத்தையைப் பற்றித் தமிழில்தான் பேசினாள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அத்தை வந்திருக்கவே மாட்டார். பேச்சு தமிழில் நடந்து, கருத்து திரண்டு, பிறகு அது ஆங்கிலத்துக்குப் போகலாம். எங்கே ‘தி’ போடுவது, எங்கே விடுவது என்ற தடுமாற்றம் தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லாததால் வருவது என்று பக்கத்து ஊர்க்காரிக்குத் தெரியும். அதை மூளைக் குறைபாடாக அவள் எடுத்துக்கொள்ள மாட்டாள். தமிழிலேயே எழுதுகிறவர்களுக்கும் துன்பம் குறைவல்ல. பேசும் தமிழ் வாசலோடு நின்றுவிட, ஆய்வேட்டுத் தமிழ் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிட்டிப்புள் பற்றிய ஆய்வானாலும் முதல் இயலில் தொல்காப்பியர் தலைகாட்டியாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை.

இத்தனைக்கும் தமிழில் இதற்கெல்லாம் பெயர் உண்டு. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று போகும் அந்தப் பட்டியலை இன்றைய ஆய்வேட்டுக் குவியலின் மேல் வைத்தால் எதுவும் வீணாகாது. சிந்துவெளியில் தொடங்கிய சுங்குடி மற்றொன்று விரித்தல். டிடிபி அக்கா கேட்டாரே, அது கூறியது கூறல். அதைவிட வியப்பு, அதே பாயிரத்தில் பவணந்தி போட்டிருக்கும் கணக்கு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் அறிவில் கால்பங்குதான் தேறும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதில். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய சமன்பாடு. தமிழ் இலக்கியம் படிக்கிற ஒவ்வொருவரும் இதை ஐந்து மதிப்பெண் வினாவாக எழுதித் தேறியிருக்கிறார்கள். இதில் முக்கால் பங்கு மாணவர்களுக்கு இடையில் நடக்கவேண்டியது என்று விடைத்தாளில் எழுதிவிட்டு, நாள் முழுக்க அந்தக் கால்பங்குக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்.

திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். மூத்த மாணவன், இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருபவன். சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் விடுதி 1789-இல் தொடங்கியபோது அதன் பொறுப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். அவருக்குக் கீழிருந்த ஆசிரியர் முடியாது என்றார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையன் முடியும் என்று செய்து காட்டினான். பெல் 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட, மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதற்கு முன் மீதிக் கதையையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் அந்த முறை பிடித்துக்கொண்டதற்குப் பெரிய காரணம் செலவு. ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள், இடையில் சம்பளமில்லாத சட்டாம்பிள்ளைகள். பாடம் இயந்திரமாயிற்று, சட்டாம்பிள்ளை கங்காணி ஆனான். நம் பல்கலைக்கழகங்களில் நாளைக்கு எழுத்து மையம் வந்தால் இதே ஆசை தலைதூக்கும். காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போன செய்திகள் அண்மை ஆண்டுகளில் நாளிதழ்களில் வந்தவைதான். அப்படிப்பட்ட நிலையில் மாணவப் பயிற்றுநருக்கு மணிக்கு இவ்வளவு என்று கூலி கேட்டால், ‘இது சேவைதானே தம்பி, சான்றிதழ் தருகிறோமே’ என்பார்கள். அமெரிக்காவில் அந்த மாணவருக்குப் பெரும்பாலும் மணிக்கூலி உண்டு. உழைப்புக்குக் கூலி கொடுக்காமல் சேவை என்று பெயரிடுவது நம் நிறுவனங்கள் விரும்பிக் கடைப்பிடிக்கும் சிக்கனம்.

இந்தியாவில் எழுத்து மையங்கள் இல்லாமல் இல்லை. ஹரியானாவில் அசோகா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் எல்லைக்கு அருகே ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் இருக்கும் இடங்கள். அங்கே சேருகிறவர்களில் பலர் எழுதப் பயின்ற பிறகே வருபவர்கள். யாருக்கு அந்த நாற்காலி அதிகம் தேவையோ அவர்கள் பேருந்தில் நின்றுகொண்டு போகிறார்கள். தேவை என்னவோ ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாரத்தில் சில மணி நேரம், பயிற்சி கொடுக்க ஓர் ஆசிரியர். ஆனால் அது இத்தனை மலிவானது என்பதே அதற்கு எதிரான வாதம். கல்வெட்டு வைக்க இடமில்லாத திட்டத்தை யார் திறந்துவைப்பது?

திறந்தாலும், தரமதிப்பீடு செய்ய நாக் குழு வரும் ஆண்டில் திறப்பார்கள். பலகை மாட்டப்படும், ஆங்கிலத் துறையிலிருந்து ஒருவர் ஒருங்கிணைப்பாளர் ஆவார், மற்ற துறைகளிலிருந்து மாணவர்களைப் பிழை திருத்தத்துக்கு அனுப்புவார்கள். 1984-இல் ஸ்டீபன் நார்த் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எரிச்சலோடு எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான். எங்களிடம் வருவது ரிப்பேருக்கு விடப்பட்ட தாள் அல்ல, எழுதுகிற ஆள். ஆள் மாறவேண்டும், தாள் அப்புறம் என்பது அவர் வாதம். சக பேராசிரியர்களுக்கே அது புரியவில்லை என்பதுதான் அவருடைய எரிச்சல்.

இத்தனையும் சரியாக அமைந்துவிட்டாலும், எந்த அமெரிக்கப் புத்தகமும் விடை சொல்லாத ஒரு கணம் நூலக மேசைக்கு வரும். சுங்குடிப் பெண் அத்தையைப் பற்றி எழுதிவிட்டாள். கை முடிச்சு ஏன் அழிந்தது என்பதற்கு அவளே ஒரு காரணம் கண்டிருக்கிறாள். அடுத்த வாரம் முகம் வாடி வருகிறாள்.

“அக்கா, இது வேணாம்னு சார் சொல்லிட்டாரு. புக்குல இருக்கற காரணத்தையே எழுதச் சொல்றாரு. எனக்கு அப்படித் தோணல.”

பயிற்றுநர் நெறியாளரின் தீர்ப்பில் தலையிடக் கூடாது என்பது விதி. மாணவரே போய் நெறியாளரிடம் கேட்கட்டும், கேள்வியைத் தயார் செய்ய உதவு என்பார்கள். புரூக்ளினில் அது சரி. இங்கே நெறியாளர் கையெழுத்துப் போடாமல் எதுவும் நகராது, அந்த அக்காவின் ஆய்வேடு உட்பட. கடவுளானாலும் குற்றம் குற்றமே என்றவரின் ஊர் இது. அவருக்கு என்ன நடந்தது என்பதையும் மறக்காத ஊர். நக்கீரரைப் போற்றுவோம், சொந்தப் பிள்ளையிடம் ‘சாரை அனுசரிச்சுப் போப்பா’ என்போம்.

அக்கா கொஞ்ச நேரம் யோசிக்கிறாள். “சார் சொன்னதை எழுது. அதுக்குக் கீழயே, களத்துல பாத்தது இதோட ஒத்துவரலைன்னு ஒரு பத்தி எழுது. அத்தையோட இன்னும் நாலு பேரைப் பாத்துப் பேசிட்டு வந்து எழுது. அப்ப சார் என்ன சொல்றாருன்னு பாப்போம்.”

“அதையும் எடுக்கச் சொன்னா?”

“எடுக்கணும்னா ஏன்னு அவரு சொல்லணும்ல.”